பிங் வந்தது, பாங் வரவில்லை: ஸ்டீரியோ டிலே கேள்வி பதில்

கிடார் ஒலியை மாற்றித் தருகிற பெட்டி, அதாவது கிடார் ப்ராஸசரில் என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லி வைத்தேன். வந்ததில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: வாசித்ததை எதிரொலியாகத் திருப்பித் தருகிற டிலே, அதுவும் இரண்டு காதிலும் வேறு வேறாக ஒலிக்கிற அந்த டிலே. சரி, அதையே பேசுவோம். நான் மதுரையில் மெல்லிசைக் கச்சேரிக்குக் கிடார் வாசிக்கிறவன், இன்ஜினியர் இல்லை. மேடையில் பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

திருநகர், கல்லூரி மாணவர்: அண்ணே, ஹெட்ஃபோனில் கேட்டால் கிடார் நடுவில் நிற்குது. எதிரொலி இடது காதில் ஒரு மாதிரி, வலது காதில் வேற மாதிரி வருது. என் ப்ராஸசரில் பிங் பாங் போட்டுப் பார்த்தேன், அது மாதிரி இல்லையே?

இருக்காது தம்பி. பிங் பாங்கில் இருப்பது ஒரே ஒரு நேரம். 450 மில்லி செகண்ட் வைத்தால் இடதில் 450-இல் ஒன்று, வலதில் 900-இல் ஒன்று, மறுபடி இடதில் 1350-இல் ஒன்று. ஒரே பந்துதான் அங்கும் இங்கும் போகிறது. நீங்கள் கேட்டது இரண்டு பந்து. மெனுவில் ட்யூவல் டிலே என்றோ ஸ்டீரியோ டிலே என்றோ தேடுங்கள். இடது நேரம், வலது நேரம் என்று தனித்தனியாகக் கேட்கும்.

பாட்டு 100 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 100 அடி என்று வைப்போம். 60,000-ஐ 100-ஆல் வகுத்தால் ஒரு அடிக்கு 600 மில்லி செகண்ட். இடதில் 600 வையுங்கள். வலதில் அதில் முக்கால், 450. இந்த முக்கால் கணக்கைத்தான் டாட்டட் எய்த் என்கிறார்கள்.

முக்காலில் என்ன விசேஷம்? ஒரு அடியைத் தகதிமி என்று நாலாகப் பிரித்துச் சொல்லிக்கொண்டே "த"வில் ஒரே ஒரு நோட்டு அடியுங்கள். வலது பக்க முதல் எதிரொலி அதே அடியின் "மி"யில் விழும். இரண்டாவது, அடுத்த அடியின் "தி"யில். மூன்றாவது, அதற்கடுத்த அடியின் "க"வில். நான்காவதுதான் மறுபடி "த"வில் வந்து உட்காரும். சொல்லையே பின்னாலிருந்து படித்த மாதிரி. இடது பக்கம் அந்த நேரம் முழுக்க ஒவ்வொரு "த"விலும் ஆணி அடித்தது போல நிற்கும். ஒன்று தாளத்தைப் பிடிக்க, மற்றது அதில் ஊஞ்சல் ஆடுகிறது. காதில் விழுந்த அகலம் இதுதான்.

மற்ற அளவுகள்: இடது ஃபீட்பேக் (எதிரொலி எவ்வளவு தடவை திரும்பி வரும் என்ற அளவு) 20 சதவீதம், வலது 35. இரண்டையும் ஒரே அளவில் வைத்தால் அலுப்புத் தட்டும். மிக்ஸ் (நேர் ஒலியோடு எதிரொலி எவ்வளவு சேர வேண்டும் என்ற அளவு) 25-இல் தொடங்கி, காதுக்குப் போதும் என்று பட்டதும் இரண்டு புள்ளி குறையுங்கள். வீட்டில் தனியாக வாசிக்கும்போது எல்லாருமே கொஞ்சம் அதிகமாகத்தான் வைக்கிறோம்.

உசிலம்பட்டி: என்னோடது சின்ன மாடல் அண்ணே, ட்யூவல் டிலே கிடையாது. இரண்டு டிலேயை அடுத்தடுத்துப் போட்டேன், கூழாகிவிட்டது.

அடுத்தடுத்துப் போட்டால் முதல் டிலேயின் ஒவ்வொரு எதிரொலிக்கும் இரண்டாவது டிலே தன் பங்குக்கு எதிரொலி போடும். 600-உம் 450-உம் சேர்ந்து 1050-இலும் ஒன்று முளைக்கும், பிறகு எண்ணவே முடியாது. பாதையை இரண்டாகப் பிரிக்கிற வசதி இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றை முழு இடதுக்கும் மற்றதை முழு வலதுக்கும் தள்ளுங்கள். கிடாரின் நேர் ஒலி நடுவிலேயே இருக்கட்டும்.

பிரிக்கவும் வசதி இல்லையா? பிங் பாங்கிலேயே நேரத்தை முக்காலுக்கு வைத்து வாசியுங்கள். அச்சு அசலாக இருக்காது. அதற்காகக் கடன் வாங்கிப் பெரிய மாடல் வாங்க வேண்டியதும் இல்லை.

இன்னொன்று, இது பலரும் கேட்டது: டிலே எங்கே இருக்க வேண்டும்? டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்குவது), ஆம்ப், கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) எல்லாம் முடிந்த பிறகு. டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்தால் எதிரொலியும் புது நோட்டும் ஒன்றாக நசுங்கும். டிலேக்குப் பின்னால் மோனோ, அதாவது இடது வலது இல்லாத ஒரே தட எஃபெக்ட் ஏதாவது இருந்தால் இரண்டு பக்கமும் அங்கேயே ஒன்றாகிவிடும். ஸ்டீரியோ வரவில்லை என்று வருகிற பேட்ச்களில் (சேமித்து வைத்த செட்டிங்குகளில்) முதலில் நான் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

மேலூர், ஆர்கெஸ்ட்ரா கிடார்: ஹெட்ஃபோனில் பிரமாதமா இருந்தது. ஊர்ப் பொங்கல் கச்சேரியில் பாதி காணோம்!

என் சொந்தக் கதையும் இதுதான். ஒரு அம்மன் கோயில் திருவிழா. அப்போதுதான் பிங் பாங் கற்றுக்கொண்ட புதுசு, ஊரையே அசத்திவிடுகிற ஆசையில் இரண்டு கேபிளும் கொண்டு போனேன். மைக்செட்காரர் ஒன்றை மட்டும் வாங்கி மிக்ஸரில் குத்திவிட்டு, இன்னொன்றைச் சுருட்டி என் கையிலேயே கொடுத்தார். "ஒரு கிடாருக்கு எதுக்குண்ணே ரெண்டு ஒயரு?" இரவு முழுக்கப் பிங் வந்தது, பாங் வரவே இல்லை.

பிழை என் பக்கம். நம் பக்கத்துத் திருவிழா ஒலியமைப்பு பெரும்பாலும் மோனோதான், அப்படி இருப்பதில் நியாயமும் உண்டு. இடது பாக்ஸ் ஓரம் உட்கார்ந்திருக்கிற பாட்டிக்கு வலது பாக்ஸில் வருவது என்ன கேட்கும்? ஒலி நம் ஊர் வெயிலில் நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். தெருவில் 100 மீட்டர் தள்ளி இன்னொரு குழாய் கட்டியிருந்தால் அதிலிருந்து வருவது சுமார் 286 மில்லி செகண்ட் பிந்தித்தான் வரும். ஆடி மாசம் தெருமுனையில் நின்று அம்மன் பாட்டு இரண்டிரண்டாகக் கேட்டிருப்பீர்களே, அது செலவில்லாத டிலே.

ஆகவே மேடையில் ஒரே கேபிள் என்றால், எல் அல்லது மோனோ என்று எழுதியிருக்கிற ஜாக்கில் மட்டும் குத்துங்கள். அப்படி எழுதியிருக்கிற மாடல்களில் வலது ஜாக் காலியாக இருந்தால் இரண்டு பக்கத்தையும் உள்ளேயே சேர்த்துக் கொடுக்கும். வலதில் கேபிள் மாட்டி மறுமுனையைச் சும்மா விட்டால் வலது பக்கம் அதோடு போச்சு.

அகலத்துக்காக ஒரு பக்கம் 10 மில்லி செகண்ட் தள்ளி வைப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். இவ்வளவு சின்ன இடைவெளியைக் காது எதிரொலியாக எடுத்துக்கொள்ளாது, முதலில் வந்த பக்கத்திலிருந்தே ஒலி வருவதாக நினைக்கும். ஹெல்முட் ஹாஸ் 1949-இல் ஆராய்ந்தது இதைத்தான். ஹெட்ஃபோனில் அழகு. மோனோவில் சேர்த்தால் 50, 150, 250 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக ஓட்டை விழுந்து, கிடார் தகர டப்பாவுக்குள் போன மாதிரி ஆகிவிடும். கச்சேரி பேட்ச்சை வீட்டிலேயே ஒரு தடவை மோனோவில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அரசரடி, சர்ச் கொயரில் வாசிக்கும் சகோதரி: அண்ணா, வால்யூம் பெடலை மெதுவாக மிதித்து வயலின் மாதிரி எழுப்பினால், காலை எடுத்ததும் எதிரொலியும் சேர்ந்து நின்றுவிடுகிறது.

பெடல் டிலேக்குப் பின்னால் இருக்கிறதும்மா. முன்னால் கொண்டு வாருங்கள். நீங்கள் மூடினாலும் ஏற்கெனவே உள்ளே போனது ஒலித்துக்கொண்டே இருக்கும். உயரமான கூரை உள்ள சர்ச்சில் கட்டடமே பாதி வேலையைச் செய்துவிடும், அதனால் ஃபீட்பேக்கைக் குறையுங்கள்.

கே.கே.நகர்: எதிரொலி கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருக்கு சார். பழைய ரெக்கார்டில் அப்படி இல்லையே?

பழைய கருவிகளால் பளிச்சென்று தர முடியவில்லை, அவ்வளவுதான். 1974-இல் வந்த ரோலண்ட் ஆர்இ-201 ஸ்பேஸ் எக்கோவில் ஓடியது நிஜமான டேப். 1981-இன் பாஸ் டிஎம்-2 அனலாக் சிப். டிலே நேரம் கூடக் கூட அதில் மேல் ஒலியை வெட்டித்தான் ஆக வேண்டும். 1983-இல் பாஸ் டிடி-2 வந்தபோதுதான் சின்ன பெடலில் டிஜிட்டல் டிலே கிடைத்தது, அதுவும் 12 பிட், அதிகபட்சம் 800 மில்லி செகண்ட். அந்தக் குறைகளுக்குத்தான் நம் காது பழகிக் கிடக்கிறது.

ஒத்தக்கடையில் ஆனைமலைப் பாறைக்கு எதிரே நின்று கத்திப் பாருங்கள். திரும்பி வருகிற குரல் மழுங்கித்தான் வரும். 450 மில்லி செகண்டில் வந்தால் பாறை ஏறக்குறைய 79 மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று கணக்கு. அந்த மழுக்கத்தைத்தான் ப்ராஸசரில் நாம் போட வேண்டும்: ஹை கட் (மேல் ஒலியை வெட்டுவது) 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம், லோ கட் (கீழ் ஒலியை வெட்டுவது) 150 ஹெர்ட்ஸ் பக்கம். மாடுலேஷன் (எதிரொலியின் ஸ்ருதியை லேசாக ஆட்டுவது) இருந்தால் வலது பக்கத்துக்கு மட்டும் துளி. இரண்டு பக்கமும் ஆடினால் ஸ்ருதி விலகின மாதிரி இருக்கும்.

சோழவந்தான்: தெம்மாங்கு மெட்டுக்கு இந்த 450 ஒட்டவே மாட்டேங்குதே?

ஒட்டாது. அது பெரும்பாலும் திஸ்ரம், தகிட. அடி மூன்றாகப் பிரியும்போது முக்கால் எங்கேயும் போய் உட்காராது. அதே 600-இல் மூன்றில் இரண்டு பங்கு, 400 வையுங்கள், "ட"வில் விழும். மறு பக்கம் 600 அப்படியே இருக்கட்டும். தவில் காரர் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்.

பழங்காநத்தம்: பேட்ச் மாற்றும்போது எதிரொலி வெட்டுப்படுது.

பல மாடல்கள் அப்படித்தான். பேட்ச் மாற்றாமல், அதே பேட்ச்சில் டிலேயை மட்டும் காலால் அணையுங்கள். அணைத்த பிறகும் மிச்ச எதிரொலியை ஒலிக்கவிடுகிற ட்ரெய்ல்ஸ் என்ற வசதி இருந்தால் ஆன் செய்து வையுங்கள்.

வாடிப்பட்டி: இரண்டு கேபிளும் மிக்ஸரில் குத்தினால் ம்ம்ம் என்று இரைச்சல். எர்த் பின்னை எடுத்துவிடலாமா?

கூடவே கூடாது. ஜெனரேட்டர் கரண்டில் வாசிக்கிற ஊர் நம்முடையது, கம்பியில் இருப்பது உங்கள் கை. ப்ராஸசருக்கும் மிக்ஸருக்கும் நடுவில் வைக்கிற டிஐ பாக்ஸ் என்ற சின்னப் பெட்டியை, கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் (ஒலிக் கேபிளின் கிரவுண்டை மட்டும் பிரிப்பது) உள்ளதாகப் பார்த்து இரண்டு சேனலுக்கும் போடுங்கள்.

திருமங்கலம்: டேப் டெம்போவில் (தட்டித் தட்டி வேகத்தைச் சொல்லும் சுவிட்ச்சில்) சரியாகத்தான் தட்டுகிறேன் அண்ணே. இரண்டாவது சரணத்தில் டிலே தனியாக ஓடுது.

டிலே ஓடவில்லை தம்பி, ட்ரம்மர் ஓடுகிறார். சரணத்துக்கு முந்தின இடையிசையில் ஹை-ஹாட்டைப் பார்த்து நாலு தட்டு புதிதாகத் தட்டுங்கள், வலது ஃபீட்பேக்கை 15-க்கு இறக்குங்கள். ஒரே ஒரு எதிரொலி என்றால் சின்ன வித்தியாசம் வெளியே தெரியாது. திருமங்கலம் ட்ரம்மர் என்றால் ஆள் யாரென்று எனக்குத் தெரியும். அடுத்த கச்சேரிக்கு நானும் வருகிறேன், பேசிக்கொள்கிறேன்.