‘பேட் பேப்பர்’ டிஸ்சார்ஜ்: மாற்ற முடியுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்த பிள்ளைகளைப் பற்றி முன்பு எழுதியபோது, வந்த கடிதங்களில் பாதி சேர்வதைப் பற்றி இல்லை, வெளியே வந்த விதத்தைப் பற்றித்தான், அதாவது டிஸ்சார்ஜ் காகிதத்தில் எழுதிக் கொடுத்த தரத்தைப் பற்றி. தரம் மோசமாக இருந்தால் அதற்கு ‘பேட் பேப்பர்’ என்று பெயர். அவற்றில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஊர், பெயர், அடையாளம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன்.

முதலில் ஒரு திருத்தம். பெற்றோர் பலர் “பையனுக்கு டிஸ்ஆனரபிள் கொடுத்துவிட்டார்கள்” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். காகிதத்தை வாங்கிப் பார்த்தால் அப்படி இருக்காது. மேலிருந்து கீழாக ஆனரபிள், ஜெனரல், அதர் தேன் ஆனரபிள் (இனி ஓடிஎச்) ஆகிய மூன்றும் நிர்வாகம் தரும் முடிவுகள். பேட் கான்டக்ட், டிஸ்ஆனரபிள் இரண்டும் கோர்ட் மார்ஷல் என்ற ராணுவ நீதிமன்றம் விதிக்கும் தண்டனைகள். எது உங்களுடையது என்பதைப் பொறுத்துத்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்பதே.

மகனுக்கு ராணுவத்தில் மூன்று வருடம். சிறுநீர்ச் சோதனையில் கஞ்சா தெரிந்ததால் ஜெனரல் டிஸ்சார்ஜ் கொடுத்து அனுப்பினார்கள். ‘ஆறு மாதத்தில் தானாகவே ஆனரபிள் ஆகிவிடும்’ என்று அவன் சார்ஜென்ட் சொன்னாராம். எட்டு மாதம் ஆகிறது, ஒன்றும் நடக்கவில்லை. கல்லூரிப் பணமும் இல்லை என்கிறார்கள். – டல்லஸிலிருந்து ஒரு தாய்

இந்த ஆறு மாதக் கதையை எத்தனை தலைமுறைச் சிப்பாய்கள் நம்பியிருக்கிறார்கள் என்று கணக்கே கிடையாது, அம்மா. தானாக எதுவும் மாறாது. மனுப் போட்டால்தான் மாறும், அதுவும் மனுவை விசாரிக்கும் போர்டுக்கு நம்பிக்கை வந்தால்.

ஜெனரல் டிஸ்சார்ஜில் படைவீரர் நலத் துறையின் (இனி விஏ) மருத்துவம், ஊனமுற்றோர் உதவித்தொகை, வீட்டுக்கடன் உத்தரவாதம் இவற்றுக்குப் பொதுவாகத் தடை இல்லை. ஜிஐ பில் படிப்புச் செலவுக்கு மட்டும் முழு ஆனரபிள் வேண்டும். உங்கள் வீட்டில் இடித்தது அங்கேதான்.

மகனிடம் டிடி-214 படிவத்தை, அதாவது வெளியே வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் காகிதத்தை, கேட்டு வாங்குங்கள். அதில் நீளப் பிரதி, குட்டைப் பிரதி என்று இரண்டு உண்டு. குட்டையில் டிஸ்சார்ஜ் விவரமே இருக்காது. வேலை தேடும்போது காட்டுவதற்காக வைத்திருப்பான். ‘மெம்பர் 4’ என்று அச்சிட்ட பிரதிதான் நமக்கு வேண்டும். அதில் 24ஆவது கட்டத்தில் டிஸ்சார்ஜின் தரம், 28ஆவது கட்டத்தில் காரணம். அங்கே ‘மிஸ்கான்டக்ட், டிரக் அப்யூஸ்’ என்று இருக்கும் என்று நினைக்கிறேன். பலர் தரத்தை மட்டும் மாற்றச் சொல்லி மனுப் போட்டு, காரணத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். வேலை கொடுப்பவர் கண்ணில் முதலில் படுவது 28தான். இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.

மனு டிடி-293 படிவத்தில். போகவேண்டிய இடம் டிஸ்சார்ஜ் ரிவ்யூ போர்டு. டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து 15 வருட அவகாசம், கட்டணம் எதுவும் இல்லை. போர்டு இருக்கிற தரத்தைக் குறைக்காது என்பதால், கேட்டுப் பார்ப்பதில் இழப்பில்லை.

கஞ்சா விஷயத்தில் பென்டகனின் 2017 வழிகாட்டுதலில் ஒரு வரி உண்டு: ராணுவத்தில் இன்றும் குற்றம்தான், ஆனால் சில மாநிலங்களில் சட்டப்பூர்வமாகிவிட்டதால், தணிக்கும் சூழ்நிலைகளோடு சேர்த்துப் பார்க்கையில் பல பத்தாண்டுகளுக்கு முன்பு இருந்த கனம் இப்போது இல்லாமல் இருக்கலாம் என்று. அதை மேற்கோள் காட்டலாம். “எல்லோரும்தான் அடித்தார்கள்” என்று மட்டும் மகன் எழுதிவிட வேண்டாம். அந்த ஒரு வரியில் மனு படுத்துவிடும்.

ஆப்கானிஸ்தானில் இரண்டு முறை இருந்தேன். திரும்பி வந்தபின் சொல்லாமல் கொள்ளாமல் 40 நாள் போய்விட்டேன். கோர்ட் மார்ஷலுக்குப் பதிலாக டிஸ்சார்ஜ் கொடுங்கள் என்று நானே கேட்பதாக ‘சாப்டர் 10’ல் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். 2012இல் ஓடிஎச். பிறகு பிடிஎஸ்டி (அதிர்ச்சியால் வரும் மனப் பாதிப்பு) என்று டாக்டர் சொன்னார். 2016இல் நானே ஒரு பக்கக் கடிதம் எழுதி மனுப் போட்டு நிராகரிக்கப்பட்டது. இன்னொரு முறை போடலாமா? – வட கரோலினா வாசகர்

போடலாம், தம்பி. போட வேண்டும். ஆனால் அந்தக் கடிதத்தை மறுபடி அனுப்பாதீர்கள்.

நீங்கள் இணைத்திருந்த பிரதியைப் படித்தேன். முக்கால் பக்கம் மன்னிப்பு. கடைசியில் ஒரே வரி: “எனக்கு பிடிஎஸ்டி இருந்தது.” போர்டு உறுப்பினர்கள் இரக்கமில்லாதவர்கள் இல்லை. ஆனால் அவர்கள் முன் இருக்கும் கேள்விக்கு இது பதில் இல்லை. அவர்கள் பார்ப்பது இரண்டு: டிஸ்சார்ஜ் விதிப்படி நடந்ததா, நியாயமாக நடந்ததா. பிடிஎஸ்டி உள்ளவர்களுக்கு இதில் தனி ஏற்பாடு வந்திருக்கிறது. 2014இல் பாதுகாப்புச் செயலர் ஹேகல் வெளியிட்ட குறிப்பாணை முதல்படி. 2017 ஆகஸ்டில் பென்டகன் அதிகாரி கர்ட்டா வெளியிட்ட குறிப்பாணை அதை விரித்து, மனநலக் குறைபாடு, தலைக்காயம், பாலியல் வன்முறை எல்லாவற்றையும் தாராள மனதோடு பார்க்கச் சொன்னது. கேட்கவேண்டிய நான்கு கேள்விகளையும் வகுத்துக் கொடுத்தது. உங்களுக்கு அப்படி ஒரு பாதிப்போ அனுபவமோ இருந்ததா? அது பணிக்காலத்தில் இருந்ததா? நடந்த தவறை அது உண்மையிலேயே விளக்குகிறதா, தணிக்கிறதா? அந்தத் தவறின் கனத்தை அது மிஞ்சுகிறதா?

முதல் இரண்டுக்கு டாக்டர் சீட்டு போதும். மனுக்கள் விழுவது மூன்றாவதில். “எனக்கு நோய், அதனால் போனேன்” என்றால் போதாது. எப்படிப் போனீர்கள் என்று காட்ட வேண்டும். தொலைபேசியில் என்னிடம் சொன்னீர்களே, கடைசியாக முகாமைவிட்டுப் போன அன்று சுடும் பயிற்சி அட்டவணை ஒட்டியிருந்தார்கள், அதைப் பார்த்ததும் காரை எடுத்துக்கொண்டு ஓட்டிக்கொண்டே இருந்தீர்கள், நின்றது அக்கா வீட்டு வாசலில் என்று. அதைத்தான் எழுத வேண்டும். எந்த மாதம், எந்த முகாம், அதற்கு முன் தூக்கம் எப்படி இருந்தது, யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார். அக்காவிடம் ஒரு சாட்சிக் கடிதம் வாங்குங்கள். நீங்கள் வந்து நின்ற கோலத்தை அவர் பார்த்தபடியே எழுதட்டும். கூட இருந்த சிப்பாய் ஒருவர், ஆப்கானிஸ்தான் போவதற்கு முன்னால் நீங்கள் எப்படி இருந்தீர்கள், பின்னால் எப்படி என்று எழுதினால் இன்னும் நல்லது. “அவர் தங்கமான மனிதர்” வகைக் கடிதங்கள் பத்து இருந்தாலும் இந்த இரண்டுக்கு ஈடாகாது.

டாக்டரின் கடிதம் நோயின் பெயரோடு நிற்கக் கூடாது. நினைவைத் தூண்டும் விஷயங்களைத் தவிர்த்து ஓடுவது பிடிஎஸ்டியின் அறிகுறிகளில் ஒன்று, இவர் ஓடியது அதனால் இருக்கலாம் என்று தொடர்பை அவர் எழுத வேண்டும். இப்படிப்பட்ட மனுக்களில் மனநல நிபுணர் ஒருவரும் போர்டில் இருக்க வேண்டும் என்பது சட்டம். கடிதத்தைப் படிக்கப்போவது அவர்தான் என்று நினைத்துக்கொண்டு எழுதச் சொல்லுங்கள்.

முதல் மனு காகிதத்தை மட்டும் வைத்து முடிவானது என்பதால், நேரில் விசாரணை கேட்கும் உரிமை உங்களுக்கு மிச்சம் இருக்கிறது. 15 வருடம் 2027இல் முடிகிறது. தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிடிஎஸ்டியைக் கண்டுகொள்ளாமல் நிராகரித்ததாக ராணுவத்தின் மேல் தொடரப்பட்ட கூட்டு வழக்கு 2021இல் சமரசமாகி, பழைய நிராகரிப்புகள் பலவற்றை போர்டு மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டி வந்தது. அது சம்பந்தமான கடிதம் உங்கள் பழைய முகவரிக்குப் போயிருக்குமா என்பதையும் விசாரியுங்கள்.

மாவ்னி திட்டத்தில் தமிழுக்காக எடுக்கப்பட்டுச் சேர்ந்தேன். அதன் வழியாகக் குடியுரிமையும் வந்தது. மூன்று வருடம் முடிவதற்குள் ஓடிஎச். குடியுரிமையைப் பிடுங்குவார்களா? – நியூ ஜெர்சி

தெரியாத வாசகர்களுக்காக: 2009இல் தொடங்கி 2016இல் நின்ற மாவ்னி, வெளிநாட்டினரை மொழித்திறனுக்காகவும் மருத்துவத் திறனுக்காகவும் படையில் சேர்த்த திட்டம். அதன் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது, சிங்களமும் இருந்தது.

உங்கள் கவலை நியாயமானதுதான். போர்க்காலச் சேவையின் பேரில் குடியுரிமை பெற்றவர், மொத்தம் ஐந்து வருடம் நல்ல பெயரோடு பணியாற்றும் முன்னரே ஓடிஎச் அல்லது அதைவிடக் கீழான டிஸ்சார்ஜில் வெளியே வந்தால், குடியுரிமையைத் திரும்பப் பெறலாம் என்று குடியேற்றச் சட்டம் சொல்கிறது. ‘பெறலாம்’தான், தானாகப் போய்விடாது, அதற்கென்று வழக்கு நடக்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஜெனரலாக உயர்ந்தாலே இந்தக் காரணம் அடிபட்டுப்போகும், ஏனென்றால் குடியுரிமைச் சட்டத்துக்கு ஜெனரலும் நல்ல பெயர்தான். அதனால் முழு ஆனரபிளுக்கு மனுப் போடுங்கள். ஜெனரல் கிடைத்தாலும் உங்களைப் பொறுத்தவரை அது பெரிய வெற்றி.

ஒரே ஒரு எச்சரிக்கை. போர்டுக்கு எழுதுவது எல்லாம் உங்கள் கையெழுத்தோடு அரசாங்க ஃபைலில் உட்காரும். குடியேற்ற வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்த்த பிறகே அனுப்புங்கள்.

இன்னும் பணியில் இருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: ஓடிஎச் வரப்போகிறது என்றால், வெளியேற்றும் முன்னரே, பொதுவாக மூன்று பேர் கொண்ட வேறொரு போர்டு முன் விசாரணை கேட்கும் உரிமை உண்டு. சாப்டர் 10ல் கையெழுத்துப் போட்டால் அது போய்விடும். ராணுவமே இலவசமாகத் தரும் டிஃபென்ஸ் வக்கீலைப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். “இதைப் போட்டால் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போய்விடலாம்” என்று சொல்லும்போது தலை தானாக ஆடும். எனக்குத் தெரியும்.

அப்கிரேடு (டிஸ்சார்ஜ் தர உயர்வு) உத்தரவாதம் என்று ஒருவர் 3,000 டாலர் கேட்கிறார். கொடுக்கலாமா? – ஹூஸ்டன்

வேண்டாம். போர்டு முடிவுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. அமெரிக்கன் லீஜியன், டிஏவி போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களில் பயிற்சி பெற்றவர்கள் இலவசமாக உதவுகிறார்கள். பல சட்டக் கல்லூரிகளிலும் இதற்கென்றே கிளினிக் உண்டு. யேல் பல்கலைக்கழகத்தினுடையது பேர்போனது. நல்ல வக்கீலுக்குக் காசு கொடுப்பது தப்பில்லை, உத்தரவாதத்துக்குக் கொடுப்பதுதான் தப்பு. பெயர் நீக்கிய பழைய தீர்ப்புகளை போர்டுகள் இணையத்தில் போட்டிருக்கின்றன. உங்கள் மாதிரி வழக்குகளைத் தேடி நாலைந்து படித்தாலே பாதி வக்கீல் ஆகிவிடுவீர்கள்.

மாமனார் அமெரிக்கர், வியட்நாமில் இருந்தவர். 1971இல் ‘அன்டிசைரபிள்’ டிஸ்சார்ஜ். கடைசிவரை அதைப் பற்றிப் பேசவே மாட்டார், போன வருடம் தவறிவிட்டார். மாமியார் இப்போது அதை மாற்ற வேண்டும் என்கிறார். இறந்தவருக்காகக் கேட்க முடியுமா? – ஒஹாயோ, மருமகள்

முடியும். மனைவி என்ற முறையில் மாமியாரே மனுதாரர். ‘அன்டிசைரபிள்’ என்பது ஓடிஎச்சின் பழைய பெயர்.

15 வருடம் எப்போதோ கடந்துவிட்டதால் ரிவ்யூ போர்டுக்குப் போக முடியாது. ராணுவப் பதிவுகளைத் திருத்தும் போர்டுக்கு டிடி-149 படிவத்தில் போக வேண்டும். பிழை தெரிந்த மூன்று வருடத்துக்குள் என்று விதி இருக்கிறது, நியாயம் கருதி அதைத் தளர்த்தவும் அதிகாரம் இருக்கிறது. காலதாமதத்துக்கான காரணத்தைப் படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ‘வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை’ என்பதும் எழுதத்தக்க காரணம்தான்.

அதற்கு முன், செயின்ட் லூயிஸில் இருக்கும் ஆவணக் காப்பகத்திலிருந்து முழு ஃபைலையும் வரவழையுங்கள். 1973 ஜூலை தீவிபத்தில் எல்லாம் எரிந்துவிட்டது என்று யாராவது பயமுறுத்துவார்கள். அதில் போன ராணுவ ஃபைல்கள் 1960க்கு முன் டிஸ்சார்ஜ் ஆனவர்களுடையவை. மாமனாருடையது பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். 1977இல் கார்ட்டர் கொடுத்த பொதுமன்னிப்பு இவருக்கும் சேருமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது கட்டாய ராணுவச் சேவைக்குப் போகாமல் தப்பியவர்களுக்கு. சேர்ந்தபின் வெளியேற்றப்பட்டவர்களுக்கு இல்லை.

இந்தப் போர்டுகளின் வரலாறே ஒரு தனிக்கதை. இரண்டாம் உலகப்போரில் ஆனரபிளும் இல்லாமல் டிஸ்ஆனரபிளும் இல்லாமல் நீலத் தாளில் அச்சிட்டுக் கொடுத்த டிஸ்சார்ஜ்களில் 22 சதவீதம் கறுப்பினச் சிப்பாய்களுக்குப் போயின. ராணுவத்தில் அவர்கள் பங்கோ 6.5 சதவீதம்தான். ஓரினச் சேர்க்கையாளர்களுக்கும் அதே நீலத் தாள். ரிவ்யூ போர்டுகளுக்கு வழிசெய்தது 1944ஆம் வருட ஜிஐ பில் சட்டம், 15 வருடக் கெடுவும் அப்போதே வந்ததுதான். திருத்தும் போர்டுகள் 1946இல் வந்தன, ஒவ்வொரு சிப்பாய்க்கும் தனி மசோதா போட்டுக் காங்கிரஸ் களைத்துப்போன பிறகு.

வேலூர். இந்திய ராணுவத்தில் நான்கு ‘ரெட் இங்க் என்ட்ரி’ (சிவப்பு மையில் எழுதும் தண்டனைப் பதிவு) என்று என்னை வெளியே அனுப்பினார்கள். அமெரிக்கா போல இங்கே போர்டு உண்டா?

அப்படி ஒரு போர்டு இல்லை, ஐயா. 2007ஆம் வருடச் சட்டத்தின்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம் உண்டு, சென்னையில் அதன் அமர்வு இருக்கிறது. இறுதி உத்தரவிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். நான்கு சிவப்பு மை பதிவு இருந்தாலே தானாக வெளியேற்றிவிட முடியாது, விசாரணை வேண்டும், சூழ்நிலையைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் சொன்னது. இந்தத் துறை எனக்குப் பழக்கமில்லாதது, சென்னை அமர்வில் வாதாடும் வக்கீலைப் பாருங்கள்.

ஜெனரல் கோர்ட் மார்ஷலில் (கோர்ட் மார்ஷல்களில் மிக உயர்ந்தது) டிஸ்ஆனரபிள் வாங்கியவருக்கு வழியே இல்லையா? – அட்லான்டா

ரிவ்யூ போர்டு தொடாது. திருத்தும் போர்டு தீர்ப்பை மாற்றாது, கருணை அடிப்படையில் தண்டனையைக் குறைக்க மட்டும் முடியும். கடினம், ஆனால் அடைத்த கதவில்லை.

ஓடிஎச்சோடு விஏ அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். ‘உங்களுக்கு இங்கே ஒன்றும் கிடையாது’ என்று கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்கிரேடு ஆகும்வரை காத்திருக்க வேண்டுமா? தூக்கமே இல்லை. – பெயர் வேண்டாம்

காத்திருக்க வேண்டாம். கவுண்டரில் வாயால் சொன்னது முடிவு இல்லை. உங்கள் டிஸ்சார்ஜை விஏ தன் விதிகளின்படித் தனியாக எடைபோட வேண்டும், அதற்கும் அப்கிரேடுக்கும் சம்பந்தமில்லை. 2024 ஜூனில் அந்த விதிகள் தளர்ந்தன. மனநலம், குடும்ப நெருக்கடி போன்ற சூழ்நிலைகளைக் கணக்கில் எடுக்க இப்போது கூடுதல் இடம் இருக்கிறது. விண்ணப்பத்தைக் கொடுத்து, முடிவை எழுத்தில் கேளுங்கள். இரண்டாம் முறை ஒப்பந்தம் போட்டவராக இருந்தால், முதல் ஒப்பந்தக் காலத்தை நல்லபடி முடித்ததற்குத் தனியாகவே உரிமை இருக்கலாம். இரண்டு மனுவும் ஒரே நேரத்தில் ஓடட்டும்.

தூக்கமில்லை என்று கடைசியில் சின்னதாக எழுதியிருக்கிறீர்கள். 988ஐ அழைத்து 1ஐ அமுக்குங்கள், இன்றைக்கே. படைவீரர்களுக்கென்றே நாள் முழுக்க ஆள் இருக்கும் இணைப்பு அது. விஏவில் பதிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் அங்கே இல்லை.