அக்கா பதில்கள்: தங்கச்சி பிள்ளைகளை ஹோம்ல சேக்கலாமா?

கேள்வி: அக்கா, முக்கூடல்ல இருந்து எழுதுதேன். என் தங்கச்சி மாப்பிள்ளை போன ஆடியில லாரி ஆக்சிடென்ட்ல போயிட்டாரு. அவ பீடி சுத்தித்தான் ரெண்டு பிள்ளைகளையும் பாக்கா, மூத்தவளுக்கு 11 வயசு, சின்னவனுக்கு 8. நான் டீக்கடையில மாஸ்டர், எனக்கும் மூணு பிள்ளைங்க. இப்ப ஒருத்தர் வந்து சென்னைப் பக்கம் ஒரு சர்ச் ஹோம் இருக்கு, காலேஜ் வரைக்கும் ஃப்ரீ, பத்திரத்துல அம்மா ஒரு கையெழுத்து போட்டா போதும், நாங்களே வந்து கூட்டிட்டுப் போயிருவோம்ங்காரு. தங்கச்சி அழுதுக்கிட்டே சரிங்கா. எங்கப்பா மதம் மாத்திருவாங்க, வேண்டவே வேண்டாம்னு நிக்காரு. என்ன செய்ய?

பதில்: தம்பி, முதல்ல அந்தப் பத்திரத்துல யாரும் கையெழுத்து போட்டுராதீங்க. பிள்ளையை ஹோம்ல விடணும்னா குழந்தைகள் நலக் குழு முன்னால பிள்ளையை நேர்ல கூட்டிட்டுப் போயி, அவங்க விசாரிச்சு ஆர்டர் போடணும், 2015ல வந்த இளைஞர் நீதிச் சட்டம் அதைத்தான் சொல்லுது, அந்தக் குழுவுக்குத் தெரியாம வெளியாளு வீட்டுல வந்து பத்திரத்துல எழுதி வாங்குறதுக்கெல்லாம் அதுல இடமே கிடையாது. நல்ல ஹோம் நடத்துறவங்க ஆள் அனுப்பி வீடு வீடா பிள்ளை தேட மாட்டாங்க. அந்த ஆளு திரும்ப வந்தார்னா குழந்தைகள் உதவி எண் 1098க்கு ஒரு போன் போட்டு விவரத்தைச் சொல்லிருங்க.

நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுதேன்னா நானும் அப்படி வளந்தவதான். எங்கப்பா தவறினப்போ எனக்கு 9 வயசு, பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு போர்டிங்ல சேத்துவிட்டாங்க. சோறு இருந்துச்சு, படிப்பு இருந்துச்சு, சிஸ்டர்மார் தங்கமானவங்க, நான் இன்னைக்கு நாலு வரி எழுதுதேன்னா அவங்க போட்ட பிச்சை. ஆனா பாவாடை, சட்டை, துண்டு எல்லாத்துலயும் சிவப்பு நூலால 43ன்னு தச்சிருக்கும், துணி மாறிறக் கூடாதுன்னு. மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அம்மா கருப்பட்டியும் அவிச்ச பனங்கிழங்கும் கொண்டுட்டு வருவா, பஸ்ஸுக்கு காசு இல்லாத மாசம் வர மாட்டா, நான் கேட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு விளக்கு வைக்கிற வரைக்கும் நிப்பேன். அந்த போர்டிங்ல எனக்கு ஆன செலவுல பாதியை எங்கம்மா கையில குடுத்திருந்தா நான் அவ மடியில படுத்துக்கிட்டே படிச்சிருப்பேன், இது எனக்கு 30 வயசுக்கு மேலதான் புரிஞ்சுது.

ஹோமே கூடாதுன்னு நான் சொல்ல வரல. நம்ம களக்காடு பக்கம் டோனாவூர் இருக்குல்லா, ஏமி கார்மைக்கேல்னு ஒரு மிஷனரி அம்மையார் 1901ல அங்க வேலையைத் தொடங்கினப்போ முதல்ல வந்தது கோயிலுக்குப் பொட்டுக்கட்ட விட்ட இடத்துல இருந்து தப்பிச்சு ஓடி வந்த ஒரு சின்னப்பொண்ணு. அந்தப் பிள்ளை திரும்பிப் போக வீடுன்னு ஒண்ணு கிடையாது, போனா ஆபத்து. அந்த மாதிரிப் பிள்ளைகளுக்குத்தான் அவங்க அம்மாவா இருந்தாங்க, 1951ல சாகுற வரைக்கும் அங்கேயே இருந்தாங்க. அடிச்சுத் துவைக்கிற வீடு, யாருமே இல்லாத பிள்ளை, இவங்களுக்கு ஹோம்தான் வீடு. உங்க மருமகளுக்கும் மருமகனுக்கும் அம்மா இருக்கா, தாய்மாமன் நீங்க இருக்கீங்க, இல்லாதது காசு மட்டும்தான். காசு இல்லாததுக்கு பிள்ளையைப் பிரிக்கிறது எந்த சாமிக்கும் அடுக்காது.

காசுக்கு வழி இருக்கு. மிஷன் வாத்சல்யான்னு ஒரு மத்திய அரசுத் திட்டத்துல ஸ்பான்சர்ஷிப் உதவின்னு ஒரு பிள்ளைக்கு மாசம் 4,000 ரூபா குடுக்காங்க, புருஷனை இழந்த தாய்மாரோட பிள்ளைகளும் அதுல வருவாங்க, கிராமத்துல குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000க்குள்ள, டவுன்ல 96,000க்குள்ள இருக்கணும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுல மனு குடுக்கணும், இடம் தெரியலைன்னா திங்கக்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் மனு நாள்ல போயி கேளுங்க. இறப்புச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், பள்ளிக்கூடத்துல ஒரு சர்டிபிகேட், எல்லாத்துக்கும் ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கோங்க. உடனே பணம் வந்துராது, நடக்கத்தான் வேணும். விதவை உதவித்தொகை 1,200 தனியா எழுதிப் போடுங்க. தங்கச்சிகிட்ட பீடித் தொழிலாளர் கார்டு இருந்தா பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப்பும் உண்டு.

அப்பாவோட பயத்தை லேசா எடுக்காதீங்க, அவருக்கு அவர் குலசாமி பெருசு. அரசியல் சாசனம் 28வது பிரிவுல தெளிவா இருக்கு, அரசு அங்கீகாரமோ மானியமோ வாங்குற கல்வி நிறுவனத்துல பெத்தவங்க சம்மதம் இல்லாம சின்னப் பிள்ளையை மத போதனையிலயோ வழிபாட்டுலயோ கட்டாயமா உக்கார வைக்கக் கூடாது. ஆனா சர்ச்சுன்னு சொன்னாலே விலகி ஓடவும் வேண்டாம். நம்ம பாளையங்கோட்டையில 1890ல பார்வையில்லாத பிள்ளைகளுக்கும் 1897ல காது கேக்காத பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சது மிஷன்காரங்கதான். உங்க ஊரு சர்ச்சோ கோயில் கமிட்டியோ ஜமாத்தோ யார்கிட்ட வேணும்னாலும் கேளுங்க, எப்படிக் கேக்கணும்னா, பிள்ளையை எடுத்துக்கோங்கன்னு கேக்காம, அவ வீட்டுக்கு மாசம் 20 கிலோ அரிசி, ஜூன் மாசம் நோட்டும் செருப்பும், சாயங்காலம் ட்யூஷன்னு கேளுங்க.

இன்னொண்ணு. மருமக பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மா பக்கத்துல உக்காந்து பீடி முனை மடக்குதாளான்னு பாருங்க, நகக்கண்ணுல தூள் ஏறியிருக்கும். பீடி சுத்துற சுளகு அவ மடிக்கு வந்துருச்சுன்னா அடுத்த வருஷம் படிப்பு நின்னுரும், அதைத்தான் நீங்க முதல்ல தடுக்கணும், அதுக்கு ஹோம் தேவையில்ல, தாய்மாமன் நீங்க தினம் சாயங்காலம் அரை மணி நேரம் அந்த வீட்டுல உக்காந்தா போதும்.

கேள்வி: என் மகனோட முதல் பிறந்தநாளுக்கு ஒரு ஹோம்ல பிரியாணி போடலாம்னு இருக்கோம். பிள்ளைகளோட போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கலாமா? – வள்ளியூர் வாசகி

பதில்: போட்டோ வேண்டாம்மா. ஹோம்ல இருக்க பிள்ளைகளோட முகத்தையும் அடையாளத்தையும் வெளியிடுறது இளைஞர் நீதிச் சட்டம் 74வது பிரிவுப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும், எங்களை வரிசையா நிக்க வச்சு ஒருத்தர் வீட்டுப் பிறந்தநாளுக்கு பாட்டுப் பாட வைப்பாங்க, பாடி முடிச்சு போட்டோ எடுத்து முடிக்க இலையில சோறு ஆறிப்போயிருக்கும். எனக்கு அந்த ஆறின சோறு இன்னமும் நெஞ்சுல நிக்கி. மனசு இருந்தா ஹோம்ல கேட்டு என்ன தேவைன்னு தெரிஞ்சு செய்யுங்க, பெரிய பொண்ணுங்க இருந்தா நாப்கின், பத்தாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு கைடு, யாருக்காவது கண்ணாடி. பிரியாணி போட்டாலும் சரிதான், சூடா போட்டுட்டு வந்துருங்க.