"எனக்கென்ன பைத்தியமா?" என்கிறார் அப்பா

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 74. அம்மா இறந்து பதினொரு மாதங்கள் ஆகின்றன. விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். சாப்பாடு பாதியாகக் குறைந்துவிட்டது. வரி விடாமல் படித்த செய்தித்தாள் இப்போது மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. மனநல மருத்துவரிடம் போகலாம் என்றதற்கு, "எனக்கென்ன பைத்தியமா?" என்று கோபித்து இரண்டு நாள் பேசவில்லை. அவரை எப்படி அழைத்துச் செல்வது?

பதில்: மடிப்புக் கலையாத செய்தித்தாளைப் பற்றி மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்; துக்கம் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாத அடையாளம் அது. முதியவர்களில் பலர் மனம் சரியில்லை என்று சொல்வதில்லை. தூக்கமில்லை, அசதி, வயிற்றில் ஏதோ செய்கிறது என்றுதான் சொல்வார்கள். ஆகவே மனச்சோர்வு என்ற பெயரை அவர் ஏற்றாக வேண்டும் என்று வாதாடாமல், அவரே ஒப்புக்கொள்ளும் தூக்கக் குறைவுக்காக, அவர் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமே முதலில் போங்கள். தைராய்டு குறைபாடு, பி12 பற்றாக்குறை, வேறு நோய்க்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் ஆகியவையும் இதே சோர்வைத் தரக்கூடும் என்பதால், மருத்துவ முறைப்படியும் அதுவே சரி. பொய் சொல்லி மட்டும் அழைத்துப் போகாதீர்கள்; ஒருமுறை ஏமாந்தவர் மறுமுறை வாசலைத் தாண்டமாட்டார்.

உள்ளே போனதும் அவருக்காக நீங்கள் பதில் சொல்லாதீர்கள். (அன்புள்ள பிள்ளைகள்தாம் இந்தத் தவற்றை அதிகம் செய்கிறார்கள்.) காது மந்தமென்றால் அதை முன்கூட்டியே தெரிவியுங்கள், இல்லாவிட்டால் கேள்வி விளங்காமலே தலையாட்டிவிடுவார்.

பழகிய மருத்துவரிடமே சிகிச்சை தொடங்குவது இரண்டாந்தர ஏற்பாடு அல்ல. அமெரிக்காவில் மனச்சோர்வுள்ள, 60 வயதும் அதற்கு மேலும் ஆன 1,801 பேரிடம் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், பொது மருத்துவரிடமே மனநலப் பணியாளரும் சேர்ந்து தொடர்ந்து கவனித்தவர்களில் 45 விழுக்காட்டினருக்கு ஓராண்டில் அறிகுறிகள் பாதியோ அதற்கு மேலோ குறைந்தன. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் அது 19 விழுக்காடுதான்.

உண்மையான சிக்கல் மனச்சோர்வுக்கான மாத்திரை தொடங்கிய பிறகுதான் வரும். குமட்டலும் தலைசுற்றலும் முதல் வாரத்திலேயே தெரியும். மனம் தெளிய நான்கு வாரமோ எட்டு வாரமோ ஆகலாம். இந்த இடைவெளியில்தான் "இதனால் ஒரு பயனும் இல்லை" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். இதை அவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். திடீர்க் குழப்பமோ தள்ளாட்டமோ தெரிந்தால், மாத்திரையால் இரத்தத்தில் சோடியம் (உப்புச் சத்து) குறைந்திருக்கக்கூடும்; உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள். மாத்திரையே வேண்டாம் என்றால் பேச்சு வழிச் சிகிச்சை இருக்கிறது. எழுபது வயதிலும் அது பலன் தரும்.

"வாழ்ந்தது போதும்" என்ற பேச்சு வந்தாலோ, சாப்பாட்டை அடியோடு நிறுத்தினாலோ, இவ்வளவு நிதானம் கூடாது. உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. "ஆம்" என்றாலோ மழுப்பினாலோ, அவரைத் தனியே விடாமல் அன்றே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.