மசாஜ் செய்பவரை ஏன் விசாரிக்கிறார்கள்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2025 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் நடந்துகொண்டிருந்தபோதே இனியோஸ் அணியின் தலைமைப் பராமரிப்பாளர் ஊர் திரும்பிவிட்டார். ஊக்கமருந்தைக் கண்காணிக்கும் சர்வதேச சோதனை முகமை அவரை விசாரணைக்கு அழைத்திருக்கிறது, 2012-ல் ஒரு ஜெர்மன் மருத்துவரோடு அவர் பரிமாறிய செய்திகள்தான் காரணம் என்று படித்தேன். எனக்கு இது அநியாயமாகப் படுகிறது. வீரர்களைத்தான் நூறு முறை சோதிக்கிறார்களே, அதில் ஒன்றும் கிடைக்கவில்லையே? மசாஜ் செய்து, தண்ணீர்ப் புட்டி நிரப்புகிற ஒருவரைப் பதின்மூன்று ஆண்டு கழித்து இழுப்பதில் என்ன பயன்? பெரியவர்களைத் தொட முடியாமல் சின்னவர்களைப் பிடிக்கிறார்களா?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன். ஆனால் நடுவில் நீங்கள் சொன்னதை ஏற்க முடியவில்லை. வீரர்களின் சோதனையில் ஒன்றும் கிடைக்காததால் அணியில் ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவுகட்ட முடியாது. இந்த விளையாட்டின் பெரிய வழக்குகளில் பல சிறுநீர்ப் புட்டியிலிருந்து தொடங்கவே இல்லை. சுங்க அதிகாரி திறந்த டிக்கியிலிருந்தும், யாரோ ஒருவர் வாய் திறந்ததிலிருந்தும்தான் தொடங்கின.

முதலில் அந்த வேலை என்ன என்று பார்த்துவிடலாம். பிரெஞ்சில் சுவானியர் என்று அழைக்கப்படுபவர் வெறும் மசாஜ்காரர் அல்ல. காலையில் எட்டு வீரர்களுக்கும் பானம் கலந்து புட்டிகளை நிரப்புவார். வெயில் நாளில் ஒரு வீரருக்கே பத்துப் புட்டி வரை போகும். சோற்றுக் கேக்கைத் தாளில் மடித்து, தோள்பையில் போட்டு, வழியில் குறித்த இடத்தில் நின்று ஓடும் சைக்கிளுக்கு நீட்டுவார். பந்தயம் முடியும் கோட்டில் துண்டோடு காத்திருப்பார். பெட்டிகளை அடுத்த ஓட்டலுக்குக் கொண்டுபோய் அறைகளில் வைப்பார், துணி துவைப்பார். மாலையில் தன் பொறுப்பில் உள்ள வீரர் ஒவ்வொருவருக்கும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் மசாஜ். வீரரின் வாய்க்குள் போவதும் தோலில் படுவதும் அவர் கையைத் தாண்டித்தான் போகின்றன. எல்லைகளைக் கடக்கும் வண்டியையும் பெரும்பாலும் அவரே ஓட்டுகிறார். ஓட்டல் சாவியும் ஐஸ் பெட்டியும் அவரிடம்தான்.

1998 ஜூலை 8 அன்று பிரான்ஸ்–பெல்ஜியம் எல்லையில் நூவில்-ஆன்-ஃபெரான் அருகே சுங்கத்துறை நிறுத்தியது அப்படிப்பட்ட ஒரு வண்டியைத்தான். ஃபெஸ்டினா அணியின் சின்னம் தீட்டிய கார். ஓட்டியவர் அணியின் சுவானியர் வில்லி வோட். டூர் அந்த ஆண்டு டப்ளினில் தொடங்கவிருந்தது, அவர் அங்கே போய்க்கொண்டிருந்தார். உள்ளே ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் இ.பி.ஓ. மருந்து 200 அளவுகளுக்கு மேல், வளர்ச்சி ஹார்மோன், டெஸ்டோஸ்டிரோன். சில நாட்களில் அணி இயக்குநர் புருனோ ரூசெலும் அணி மருத்துவரும் கைதானார்கள், ஜூலை 17 அன்று அணியே வெளியேற்றப்பட்டது. அத்தனைக்கும் இ.பி.ஓ.வைக் கண்டறியும் சோதனையே அப்போது கிடையாது. அது 2000 சிட்னி ஒலிம்பிக்கில்தான் வந்தது. அந்தக் கார் வேறு சாலையில் போயிருந்தால் ஃபெஸ்டினா வீரர்கள் 'சுத்தமாகவே' பாரிஸ் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

இ.பி.ஓ. குளிரில், 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. வீரர் அதைப் பையில் போட்டுக்கொண்டு மூன்று வாரம் ஊர் ஊராக அலைய முடியாது. சிவப்பணுக்களைக் கூட்ட வீரரின் ரத்தத்தையே எடுத்துச் சேமித்துப் பிறகு ஏற்றுவதும் உண்டு, அது இன்னும் சிக்கலானது. எடுத்து, பெயர் தெரியாதபடி குறியிட்டு, 2–6 டிகிரியில் வைத்து, சில வாரங்களுக்குள் திரும்ப ஏற்ற வேண்டும். குளிர் விட்டால் சிவப்பணுக்கள் உடையும், அந்தக் கழிவு சிறுநீரகத்தைப் போய்த் தாக்கும், கிருமி வளர்ந்தால் உயிருக்கே ஆபத்து. 2011 பிப்ரவரியில் இத்தாலிய வீரர் ரிக்கார்டோ ரிக்கோ சிறுநீரகக் கோளாறோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் 25 நாள் வைத்திருந்த தன் ரத்தத்தையே ஏற்றிக்கொண்டதாக அவர் சொன்னார் என்று சிகிச்சையளித்த மருத்துவர் தெரிவித்தார். ரிக்கோ பிறகு மறுத்தார், இருந்தும் 12 ஆண்டுத் தடை விழுந்தது. ரத்தம் ஏற்றுவது தனியாள் செய்கிற காரியம் அல்ல. எடுக்க ஒருவர், காக்க ஒருவர், கொண்டுவர ஒருவர், ஊசி போட ஒருவர் வேண்டும். லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் ஓட்டிய யூ.எஸ். போஸ்டல் அணியைப் பற்றி அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2012-ல் வெளியிட்ட ஆவணத்தில் ஒரு காட்சி உண்டு: 2004 டூரில் அணிப் பேருந்து எஞ்சின் கோளாறு என்று சாலையோரம் நிற்கிறது, உள்ளே வீரர்களுக்கு ரத்தம் ஏறுகிறது. அதாவது அன்று ஓட்டுநர் நடிக்காமல் அது நடந்திருக்காது.

இனி உங்கள் ஜெர்மன் மருத்துவர். எர்ஃபுர்ட் நகரத்து மார்க் ஷ்மிட். முன்பு கெரோல்ஸ்டைனர், மில்ராம் சைக்கிள் அணிகளில் மருத்துவராக இருந்தவர். 2019 பிப்ரவரியில், ஆஸ்திரியாவின் ஸீஃபெல்டில் பனிச்சறுக்கு உலகப் போட்டி நடந்தபோது, வீரர்களுக்கு ரத்தம் ஏற்றிவந்ததற்காகப் பிடிபட்டார். 2021 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் 4 ஆண்டு 10 மாதச் சிறை விதித்தது. அவருக்கு உதவியதாகத் தண்டிக்கப்பட்டவர்களில் ஒரு செவிலியரும் கட்டடத் தொழில் செய்யும் ஒருவரும் உண்டு. அவரிடம் போனதாக ஒப்புக்கொண்ட சைக்கிள் வீரர்கள் ஸ்டெஃபான் டெனிஃபிலும் கியோர்க் பிரைட்லரும் எந்தச் சோதனையிலும் சிக்கியிருக்கவில்லை. விசாரணைக்கு முதல் துப்பு, ஒரு பனிச்சறுக்கு வீரர் ஜெர்மன் தொலைக்காட்சியில் கொடுத்த வாக்குமூலம்.

ஆகவே பழைய கைப்பேசிச் செய்திகளைத் தோண்டுவது வெட்டிவேலை அல்ல. ஆனால் ஷ்மிட்டோடு பேசினார் என்பது மட்டும் குற்றமாகிவிடாது. தடைபெற்றவர்களோடு தொழில் தொடர்பு வைப்பதே மீறல் என்ற விதி 2015-ல்தான் உலக ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டகத்தில் சேர்ந்தது. 2012-ல் ஷ்மிட் தண்டனை பெற்றவரும் அல்ல. அப்படியானால் செய்தியில் என்ன கேட்கப்பட்டது, அது கைக்கு வந்ததா, யாருக்குப் போனது என்பதுதான் கேள்வி. காலவரம்பும் உண்டு: மீறல் நடந்ததாகச் சொல்லப்படும் நாளிலிருந்து 10 ஆண்டுக்குள் சம்பந்தப்பட்டவருக்கு அறிவிப்பு போக வேண்டும். 2012-ஐ மட்டும் வைத்து 2025-ல் தண்டிப்பது மிகக் கடினம். பிறகு ஏன் கூப்பிடுகிறார்கள்? அந்தப் பழக்கம் பின்னாலும் தொடர்ந்ததா என்றும், அவர் வேறு யாரைப் பார்த்தார் என்றும் கேட்கத்தான். உதவியாளர் விசாரணைக்கு ஒத்துழைக்க வேண்டும் என்பது விதி. செய்தி வெளியானபோது அந்த ஊழியர்மீது எதுவும் நிறுவப்பட்டிருக்கவில்லை, அதனால் அவர் பெயரை இங்கே எழுதவில்லை.

வீரருக்கும் உதவியாளருக்கும் விதி ஒன்றல்ல. வீரர் உடலில் பொருள் இருந்தாலே மீறல், எப்படி வந்தது என்று விளக்கும் சுமை அவருடையது. உதவியாளரின் சிறுநீரை எடுத்து என்ன செய்வது? அவர் வைத்திருந்தார், கடத்தினார், ஏற்றிவிட்டார், உடந்தையாக இருந்தார் என்று ஆவணத்தாலும் சாட்சியாலும் நிரூபிக்க வேண்டும். நிரூபணமானால் அடி பலமாக விழும். கடத்தலுக்கும் ஏற்றிவிட்டதற்கும் குறைந்தது 4 ஆண்டு, மேலே வாழ்நாள் வரை போகலாம். யூ.எஸ். போஸ்டல் இயக்குநர் யோஹான் புருனீலுக்கு முதலில் 10 ஆண்டு, 2018-ல் விளையாட்டு நடுவர் மன்றம் அதை வாழ்நாளாக்கியது. பயிற்சியாளர் பெப்பே மார்த்திக்கு 8 ஆண்டு 15 ஆனது.

ஆவணம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனில் நடந்ததைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2011 ஜூன் 12 அன்று, பிரான்சில் டோஃபினே பந்தயத்தின் கடைசி நாள், பிரிட்டனிலிருந்து ஓர் உறை விமானத்தில் டீம் ஸ்கை அணிக்கு, அதாவது இன்றைய இனியோஸ் அணிக்கு, போனது. கொண்டுபோனவர் பெண்கள் அணிப் பயிற்சியாளர், உள்ளே என்ன என்று தனக்குத் தெரியாது என்றார். சளி இளக்கும் ஃப்ளூயிமுசில் என்றது அணி. அது அனுமதிக்கப்பட்ட மருந்து, பிரெஞ்சு மருந்துக்கடையிலேயே கிடைப்பது. அதற்கு ஏன் விமானம்? எது கொடுக்கப்பட்டது என்று அன்றே எழுதிய பதிவு இல்லை. அணி மருத்துவர் ரிச்சர்ட் ஃப்ரீமனின் மடிக்கணினி 2014-ல் கிரீஸில் திருடுபோய்விட்டது. 2017 நவம்பரில் விசாரணை முடிவு எதுவும் எட்டாமல் மூடப்பட்டது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை, நிரபராதம் நிரூபிக்கவும் வழியில்லை. சந்தேகம் அந்த அணியின் வெற்றிகளின்மேல் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதே 2011 மே மாதம் மான்செஸ்டர் சைக்கிள் மையத்துக்கு டெஸ்டோஜெல் என்ற டெஸ்டோஸ்டிரோன் களிம்பு 30 பொட்டலம் வந்தது. பிரித்துப் பார்த்தவர்கள் கேட்டதும், தவறாக வந்துவிட்டது என்றார் ஃப்ரீமன். சில மாதம் கழித்து, திருப்பி வாங்கி அழித்துவிட்டோம் என்று எழுதித் தரும்படி விற்றவர்களையே கேட்டு வாங்கினார், அது பொய்க் கடிதம். ஒரு வீரருக்குக் கொடுக்கப்படும் என்று தெரிந்தோ நம்பியோதான் வரவழைத்தார் என்று 2021 மார்ச்சில் மருத்துவத் தீர்ப்பாயம் சொன்னது. மருத்துவர் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது, 2023-ல் 4 ஆண்டு விளையாட்டுத் தடையும் வந்தது. எந்த வீரர் என்பது மட்டும் கடைசிவரை தெரியவில்லை.

நேர்மையான அணி தன்னையும் தன் ஊழியரையும் காத்துக்கொள்ள என்ன செய்யலாம்? பூட்டிய ஒரே அலமாரி, அதற்கு ஒரு பதிவேடு. எடுத்த தேதி, நேரம், மருந்தின் பெயர், தொகுதி எண், எத்தனை எடுத்தது, எத்தனை மிச்சம், யாருக்கு, ஏன், இரண்டு கையெழுத்து. அன்றிரவே அதன் நகல் அணிக்கு வெளியே உள்ள ஒருவரிடம் போய்விட வேண்டும், மடிக்கணினி தொலைந்தாலும் அழியாதபடி. வண்டியில் யார் எதை ஏற்றினாலும் பட்டியல். மூடிய உறையை உள்ளே என்ன என்று கேட்காமல் எந்த உதவியாளரும் வாங்கக் கூடாது. ஊசியை மருத்துவர் மட்டுமே, மருத்துவக் காரணத்தோடு மட்டுமே போட வேண்டும். ஊசிக்கு எதிரான சர்வதேச சைக்கிள் சங்கத்தின் விதி 2011-லேயே வந்துவிட்டது.

உதவியாளர் தன் உடம்புக்குப் போடும் மருந்தும் இதில் சேரும். இது சைக்கிள் அல்ல, டென்னிஸ், ஆனால் எந்த மசாஜ் மேசைக்கும் பொருந்தும்: 2024-ல் யானிக் சின்னரின் இயன்முறை மருத்துவர் விரலில் வெட்டுக்காயம். இத்தாலியக் கடைகளில் கிடைக்கும் டிரோஃபோடெர்மின் தெளிப்பானை அதற்குப் போட்டுக்கொண்டு, கையுறை இல்லாமல் மசாஜ் செய்தார். அதில் குளோஸ்டெபோல் என்ற தடைசெய்யப்பட்ட ஸ்டீராய்டு உண்டு. சிறுநீரில் மில்லிலிட்டருக்குக் கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குகூட இல்லை, ஆனாலும் சோதனையில் பட்டது. வழக்கு மூன்று மாதத் தடையில் முடிந்தது. அந்தத் தெளிப்பான் பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கிறது. மேசைக்கு வருமுன் காயத்தைக் காட்டு, பெட்டியைக் காட்டு, கையுறை போடு என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

சின்னவர்களைப் பிடிக்கிறார்களா என்று கேட்டீர்கள். பல நேரம் அப்படித்தான் ஆகிறது. யூ.எஸ். போஸ்டல் அணியின் அயர்லாந்து சுவானியர் எம்மா ஓ'ரெய்லியைச் சொல்ல வேண்டும். 1999-ல் ஸ்பெயினில் மாத்திரைப் புட்டியை வாங்கி, எல்லை தாண்டி, நீஸ் நகரத்துக்கு வெளியே ஒரு மெக்டொனால்ட்ஸ் வாகன நிறுத்தத்தில் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கிடம் கொடுத்ததாகச் சொன்னவர் அவர். அந்த ஆண்டு டூரில் ஆம்ஸ்ட்ராங்கின் சோதனையில் கார்ட்டிகோஸ்டீராய்டு தெரிந்தபோது, முன்தேதியிட்ட மருந்துச் சீட்டு தயாரானதை மசாஜ் அறையில் இருந்தபடி கேட்டதாகவும் சொன்னார். 2004-ல் இவை அச்சில் வந்தன. வழக்கு, அவதூறு, குடிகாரி, வேசி என்ற ஏச்சு எல்லாம் அவருக்குக் கிடைத்தன. ஊக்கமருந்து எடுத்ததை ஆம்ஸ்ட்ராங் வாய்விட்டு ஒப்புக்கொண்டது 2013 ஜனவரியில்.

ஓ'ரெய்லி ஆய்வகம் காணாததைக் கண்டவர். அதனால்தான் சுவானியரை முதலில் சாட்சியாகப் பார்க்க வேண்டும் என்கிறேன். தகவல் கொடுப்பவரை மிரட்டுவதே மீறல் என்ற விதி 2021-ல் வந்தது, நல்லது. ஆனால் ஓராண்டு ஒப்பந்தத்திலும் பந்தய நாள் கூலியிலும் வேலை செய்பவரை யாரும் மிரட்டவே தேவையில்லை, அடுத்த ஆண்டு கூப்பிடாமல் விட்டாலே முடிந்தது. முகமையிடம் பேசிய ஊழியருக்கு விசாரணை முடியும் வரை சம்பளத்துக்கு உறுதி சொல்வதை அணி உரிமத்தின் நிபந்தனையாகச் சைக்கிள் சங்கம் வைக்கலாம். முதல்தர அணிகள் ஏற்கெனவே வங்கி உத்தரவாதம் கட்டுகின்றன, அதிலிருந்தே கொடுக்க ஏற்பாடு செய்ய முடியும்.

அன்புடன்