பரோலோ ரொம்ப ஸ்ட்ராங்கான ஒயின் என்கிறார்களே, அதோடு என்ன சாப்பிட்டால் சரியாக இருக்கும்?

இறைச்சி, வெண்ணெய், முட்டை மஞ்சள் கரு, நாள்பட்ட சீஸ். இதில் ஏதாவது ஒன்று தட்டில் இருந்தால் தைரியமாகத் திறக்கலாம். காரமும் மீனும் வேண்டாம். அரை பாட்டிலை வீணடித்துத்தான் இதைத் தெரிந்துகொண்டேன்.

இத்தாலியின் டூரினில் படித்தபோது காசு சேர்த்து வாங்கிய முதல் பரோலோ அது. ஒயின்களின் ராஜா என்று கேள்விப்பட்டிருந்ததால் மை மாதிரி கறுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். ஊற்றிப் பார்த்தால் வெளிறிய சிவப்பு, ஓரத்தில் செங்கல் நிறம். கிளாஸுக்குப் பின்னால் இருந்த செய்தித்தாளின் எழுத்துகூடத் தெரிந்தது. சரி, லேசான ஒயின்தான் போல என்று மிளகாய் தாராளமாகப் போட்ட தக்காளி பாஸ்தாவோடு குடித்தேன். இரண்டாவது மடக்கில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மிளகாய் எரிச்சல் இரண்டு மடங்கானது. மிச்சத்தை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

நிறத்தைப் பார்த்து எடை போட்டதுதான் தப்பு. பரோலோவை நெபியோலோ என்ற ஒரே திராட்சை ரகத்தில்தான் செய்ய வேண்டும். டூரின் இருக்கும் அதே பியட்மாண்ட் பகுதியில், ஆல்பா நகரை ஒட்டிய லாங்கே குன்றுகளில் 11 ஊர்களுக்கு மட்டுமே அந்தப் பெயரைப் போடும் உரிமை உண்டு. இந்தத் திராட்சையில் நிறம் குறைவு. டேனினும் புளிப்பும் எக்கச்சக்கம். குறைந்தது 38 மாதம், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில், வைத்திருந்த பிறகே விற்கலாம். இன்னும் அதிக நாள் வைத்திருக்கும் ரிசர்வா ரகம் என்றால் 62 மாதம். அவ்வளவு காலம் காத்திருந்தும் இளம் பரோலோ முறைத்துக்கொண்டுதான் இருக்கும்.

டேனின் என்று ஒயின்காரர்கள் சொல்வது நமக்குத் துவர்ப்பு. வாயை வழவழப்பாக வைத்திருக்கும் எச்சில் புரதத்தை அது பிடித்துக்கொள்வதால் வாய் உலர்ந்துபோகிறது. கடுந்தேநீரில் பால் விட்டதும் துவர்ப்பு அடங்குகிறதே, அதே கணக்குதான் இங்கேயும். டேனின் பிடித்துக்கொள்ள வேறு புரதம் கிடைத்துவிடுகிறது. ஒயினில் பால் ஊற்ற முடியாது, அந்த வேலையைத் தட்டில் இருப்பதுதான் செய்ய வேண்டும்.

மறுநாள் ஞாயிறு. என் கதையைக் கேட்டுச் சிரித்த வீட்டுக்காரம்மா, அந்த மிச்ச பாட்டிலோடு மதியம் சாப்பிட வரச் சொன்னார். அவர் செய்திருந்தது பிரசாத்தோ: கேரட், செலரி, வெங்காயத்தோடு மாட்டிறைச்சியை ஒயினில் ஊறவைத்து, மணிக்கணக்கில் சிறுதீயில் வேகவைப்பது. கத்தியே தேவைப்படவில்லை, கரண்டி பட்டாலே நார் நாராகப் பிரிந்தது. ஒரு துண்டு வாயில் போட்டு, மேலே ஒரு மடக்கு. முந்தின இரவு முறைத்த அதே ஒயினா இது? பிடி தளர்ந்து, காய்ந்த ரோஜாவும் லேசான தார் வாசனையும் எழுந்தன. அந்தத் தார் வாசனையைத்தான் பரோலோக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஒரு இரவு காற்றுப்பட்டதும் உதவியிருக்கிறது. அதனால் இளம் பாட்டில் என்றால் இரண்டு மூன்று மணி நேரம் முன்பே ஜாடியில் ஊற்றி வையுங்கள், 16 முதல் 18 டிகிரியில் பரிமாறுங்கள். சமைப்பதற்குப் பரோலோவையே ஊற்ற வேண்டியதில்லை. விலை குறைந்த நெபியோலோ போதும் என்பது என் கட்சி.

மாட்டிறைச்சி வேண்டாமா? தயாரின் என்ற மெல்லிய பாஸ்தா இருக்கிறது. ஒரு கிலோ மாவுக்கு 30 மஞ்சள் கரு வரை சேர்ப்பார்கள், மேலே வெண்ணெய். இலையுதிர் காலத்தில் அதன்மேல் ஆல்பாவின் வெள்ளை ட்ரஃபிளை, அதாவது மண்ணுக்கடியில் விளையும் வாசனைக் காளானை, சீவிப் போடுவார்கள். அதற்கு இளசு சரிப்படாது. வயதான பரோலோவில் வரும் காளான், ஈர இலை வாசனைதான் ட்ரஃபிளோடு ஒட்டும். காஸ்தெல்மாக்னோ சீஸ் உருக்கி ஊற்றிய நியோக்கியும் (உருளைக்கிழங்கு மாவு உருண்டை) நன்றாகப் போகும்.

மீனை ஏன் விலக்கச் சொன்னேன் என்றால், சிவப்பு ஒயினில் உள்ள இரும்பு மீன் கொழுப்போடு சேர்ந்து கவிச்சியைக் கிளப்பிவிடும்.

அப்புறம் சாக்லேட். பலரும் ஜோடி சேர்த்துப் பார்ப்பார்கள். என் வாய்க்கு இரண்டும் கசந்ததுதான் மிச்சம். சாக்லேட்டுக்கு அந்த ஊர்க்காரர்கள் எடுப்பது பரோலோ கினாத்தோ: சின்கோனா என்ற கசப்பு மரப்பட்டையும் மசாலாக்களும் ஊறிய, இனிப்புச் சேர்த்த பரோலோ. அது சாப்பாட்டுக்குப் பிறகு, சின்ன கிளாஸில்.