கிறுக்குவதற்கு ஓர் இடம்

கேள்வி: நாங்கள் சிவகாசியில், இரண்டு அறைகள் கொண்ட வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். இரண்டரை வயது மகள் படம் வரைவதற்காகக் கூடத்தில் ஓர் ஓரத்தை ஒதுக்கி, சிறு மேசை, நாற்காலி, 48 வண்ணக் கிரேயான்கள், ஸ்கெட்ச் பேனாக்கள், வண்ணம் தீட்டும் புத்தகங்கள் எல்லாம் வாங்கி வைத்தேன். ஐந்து நிமிடம்கூட அங்கே அவள் உட்காருவதில்லை, சுவரில்தான் கிறுக்குகிறாள். வீட்டு உரிமையாளர் முகம் சுளிக்கிறார். மாமியாரோ, நான் செல்லம் கொடுத்துக் கெடுப்பதாகச் சொல்கிறார். அந்த இடத்தை எப்படி மாற்றுவது? ஓவிய வகுப்பில் சேர்த்துவிடலாமா? சுவரை எப்படிச் சுத்தம் செய்வது?
– ஒரு வாசகி, சிவகாசி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் சுவரைத் தேடிப் போவதில் நியாயம் இருக்கிறது. இரண்டரை வயதுக் குழந்தை தோளால்தான் வரைகிறது. விரல்களுக்கு இன்னும் அந்த வேலை வரவில்லை. கிரேயானை உலக்கையைப் போல உள்ளங்கையில் இறுகப் பிடித்து, முழுக் கையையும் வீசித்தான் அவளால் ஒரு கோடு இழுக்க முடியும். நாம் பேனா பிடிப்பதுபோல மூன்று விரல்களால் பிடிக்க நான்கு, ஐந்து வயதாகிவிடும். அந்தக் கைவீச்சுக்குப் புத்தகத்தின் பக்கம் போதாது. உங்கள் வீட்டில் அதற்குப் போதுமான ஒரே பொருள் சுவர்தான்.

எனவே மேசையையும் நாற்காலியையும் எடுத்துவிட்டு, அவளுக்கு இன்னொரு சுவரைக் கொடுங்கள். குளிர்சாதனப் பெட்டியோ துணி துவைக்கும் இயந்திரமோ வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, பிரித்து, ஜன்னல் கம்பியில் இறுகக் கட்டினால் ஆணி அடிக்காமலேயே ஒரு பெரிய பலகை கிடைத்துவிடும். தரையிலிருந்து மூன்றரை அடி உயரம் இருந்தால் அவளுக்குத் தாராளம். அதன்மீது ஒட்டும் தாளுக்காக நீங்கள் கடைக்கே போக வேண்டியதில்லை. உங்கள் ஊரில் எந்த அச்சகத்தில் கேட்டாலும் சோதனைக்கு ஓட்டிக் கழித்த போஸ்டர் தாள்களும் காலண்டர் தாள்களும் கிடைக்கும். மறுபக்கம் வெள்ளையாக இருந்தால் போதும். விலை கொடுத்து வாங்கிய சார்ட் பேப்பர் வீணாகிறதே என்று நம் மனம் பதறுவதைக் குழந்தை எப்படியோ கண்டுகொள்கிறது. எடைக்கு வாங்கிய தாளில் அந்தப் பதற்றம் இருப்பதில்லை.

கூடம்தான் சரியான இடமா என்றும் யோசித்துப் பாருங்கள். தண்ணீர் கொட்டினால் துடைக்கக்கூடிய தரையும் பகல் வெளிச்சமும் இருக்கும் பின்கட்டோ, சமையலறை வாசலோ மேல். தரையில் பழைய ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றைக் கழுவித் திருப்பி விரித்தால் பாதி வேலை முடிந்தது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பழைய பெயிண்ட் உரிந்து செதில் செதிலாக உதிரும் சுவரின் அருகே இந்த இடம் அமைய வேண்டாம். வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தை 90 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவுக்குக் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பூச்சில் என்ன இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

அடுத்து, அந்த 48 வண்ணங்கள். நான்கை வெளியே வைத்துவிட்டு மற்றவற்றைப் பரண்மேல் ஏற்றிவிடுங்கள். எல்லாம் கண்முன் இருக்கும்போது இந்த வயதுக் குழந்தை டப்பாவைக் கவிழ்ப்பதையே விளையாட்டாக்கிக்கொள்கிறது. இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா நகராட்சி 1963 முதல் நடத்திவரும் மழலையர் பள்ளிகள், வகுப்பறையை ஒட்டிக் கலைக்கூடம் அமைப்பதற்கு உலகெங்கும் பெயர்பெற்றவை. அங்கே பொருட்கள் குழந்தையின் கண்ணுக்குத் தெரியும்படியும் கைக்கு எட்டும்படியும் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அந்தப் பள்ளிகளைப் பார்த்து நாம் விலையுயர்ந்த மர அலமாரி வாங்க வேண்டியதில்லை. ஒரு மணையின்மேல் நான்கு கிண்ணங்கள் போதும்.

தண்ணீரையும் ஒரு வண்ணமாக நினைத்துக்கொள்ளுங்கள். நான் மழலையர் வகுப்பு நடத்திய நாட்களில், பெயிண்ட் வரத் தாமதமான ஒரு காலையில், சமாளிப்பதற்காகப் பிள்ளைகளிடம் இரண்டங்குல பிரஷ்ஷையும் கிண்ணத்தில் தண்ணீரையும் கொடுத்துச் சிமென்ட் திண்ணையில் விட்டேன். ஒரு பையன் நீளமாக ஒரு கோடு இழுத்தான். வெயிலில் அது ஒரு முனையிலிருந்து வெளுத்துக்கொண்டே வந்து மறைந்தது. "காணோம்" என்றான். மறுபடி இழுத்தான், குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான், மறுபடியும் "காணோம்". மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் அவனை எழுப்ப முடிந்தது. ஐந்து நிமிடம்கூட உட்காராத பிள்ளை என்று அவன் தாயாரும் என்னிடம் சொல்லியிருந்தார். ஆனால் தண்ணீரைக் கிண்ணத்தில் மட்டுமே கொடுங்கள், வாளியில் வேண்டாம். சில அங்குலத் தண்ணீர்கூட இந்த வயதில் உயிருக்கு ஆபத்தாகலாம்.

வண்ணங்களைச் சமையலறையிலேயே செய்துகொள்ளலாம். சோளமாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்து, பீட்ரூட் சாற்றையோ மஞ்சளையோ கலந்தால் விரலால் தீட்டும் பெயிண்ட் ஆகிவிடும். கறை போகாது என்பதால் பழைய சட்டையை மாட்டிவிடுங்கள். மஞ்சள் கரைசல் பூசிக் காயவைத்த தாளில், ஆப்ப சோடா கரைத்த தண்ணீரைத் தொட்டு அவளைக் கோடிழுக்கச் சொல்லுங்கள், கோடு சிவக்கும். சுண்ணாம்பு இன்னும் நன்றாகச் சிவக்கும் என்றாலும் கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும், அது வேண்டாம். கடையில் விரல் வண்ணம் வாங்குவதானால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள், பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் அது கட்டாயம், விரல் வண்ணத்துக்கென்றே ஐ.எஸ். 9873 என்ற இந்தியத் தரநிலையில் தனிப் பகுதி இருக்கிறது. கிரேயானை ஒடித்துக் கொடுத்தால் பிடி நன்றாக வரும் என்று சிலர் சொல்வார்கள். மூன்று வயதுக்குமேல் அது சரி, அதற்குமுன் துண்டுகள் தொண்டையில் சிக்கலாம். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல்லி உருண்டைகளை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். விழுங்கினால் குடலில் போய்ப் பெருத்து அடைத்துக்கொள்ளும். பலப்பத்தை எப்போதாவது கடிப்பது சகஜம். தேடித் தேடித் தின்றால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்கள் மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் காலையில் வாசலில் கோலம் போடுபவரானால், பக்கத்தில் ஒரு பிடி அரிசி மாவோடு பேத்தியையும் உட்கார வையுங்கள். பாட்டியின் புள்ளிகளை அவள் பார்த்துப் போட வேண்டும் என்பதில்லை. மாவு விரலிடுக்கில் வழிவதைப் பார்த்தாலே போதும். செல்லம் கொடுக்கும் குற்றச்சாட்டை அதற்குப்பின் உங்கள்மீது மட்டும் சுமத்த அவருக்கு வழியிருக்காது.

ஓவிய வகுப்பு இப்போது வேண்டாம். மலை, சூரியன், குடிசை என்று ஒரே படத்தை எல்லாப் பிள்ளைகளையும் வரையவைக்கும் வகுப்பானால் ஆறு வயதிலும் யோசியுங்கள். வீட்டிலும், அவள் கிறுக்கியதைப் பார்த்ததும் "இது என்ன?" என்று கேட்காதீர்கள், பெரும்பாலும் அது எதுவுமில்லை. அவள் கேட்டாலும் யானை வரைந்து காட்டாதீர்கள், ஏனென்றால் அடுத்த நாள் முதல் யானை வரைவது உங்கள் வேலையாகிவிடும். "எவ்வளவு நீளமாக இழுத்திருக்கிறாய்!" என்று கண்ணில் பட்டதைச் சொன்னால் போதும்.

சுவரில் ஏற்கெனவே இருக்கும் கிறுக்கலுக்கு வருகிறேன். எமல்ஷன் பூசிய சுவரானால், ஈரத்துணியில் சிறிது ஆப்ப சோடாவைத் தொட்டு மெல்லத் தேய்த்தால் கிரேயான் மெழுகு பெரும்பாலும் வந்துவிடும். கதவுக்குப் பின்னால் தெரியாத ஓர் இடத்தில் முதலில் தேய்த்துப் பாருங்கள். டிஸ்டெம்பர் அடித்த சுவரில் இதைச் செய்தால் கிறுக்கலோடு பூச்சும் சேர்ந்து வந்துவிடும். அப்படியானால் கைவைக்காமல், வீட்டைக் காலி செய்யும்போது அந்தச் சுவருக்கு மட்டும் அடித்துத் தருவதாக உரிமையாளரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.