தானா சரி பண்ணிக்கிற சிஸ்டத்த நம்பி நைட் ஷிஃப்ட்ட எடுத்துடலாமா?

கேள்வி: எங்க ஆபீஸ்ல சர்வர் எல்லாம் இப்போ தன்னைத்தானே பாத்துக்குது, விழுந்தா தானே எழுந்துக்குது. இனி நைட் ஷிஃப்ட்டுக்கு ஆளே வேணாம்னு மேனேஜர் சொல்றார். எனக்கு மனசு ஒப்பல. நம்பலாமா சார்?
- வாசகர் ஒருவர், சிஸ்டம் அட்மின்

பதில்: உங்க மனசு ஒப்பாதது நியாயம்தாங்க. ஆனா மொத்தமா நம்பலாமானு கேக்காதீங்க, எந்தெந்த வேலைய நம்பி விடலாம்னு கேளுங்க. நின்னுபோன ப்ராசஸை திரும்ப ஸ்டார்ட் பண்றது, லோடு ஏறினா இன்னும் ரெண்டு சர்வர் சேத்துக்கிறது, இதெல்லாம் தாராளமா விட்டுடலாம், தப்பாப் போனாலும் திருப்பிக்கலாம், தூக்கக் கலக்கத்துல நாம பண்றத விட அது ஒழுங்காவே பண்ணும்.

டேட்டாபேஸ் அப்படி இல்ல. 2018 அக்டோபர்ல, ப்ரோக்ராமர்கள் கோட் சேமிச்சு வெக்கிற கிட்ஹப் தளத்துல பழுதான ஒரு நெட்வொர்க் கருவிய மாத்தும்போது வெறும் 43 செகண்ட் லிங்க் போச்சு, அதுக்குள்ள அங்க இருந்த தானியங்கி சாஃப்ட்வேர் அமெரிக்காவோட கிழக்குக் கரைல இருந்த மெயின் டேட்டாபேஸ் பொறுப்ப மேற்குக் கரைக்கு மாத்திடுச்சு, லிங்க் திரும்ப வந்து பாத்தா ரெண்டு பக்கமும் மத்த பக்கத்துல இல்லாத டேட்டா. சரி பண்ண 24 மணி நேரம் 11 நிமிஷம் ஆச்சு. இத்தனைக்கும் அந்த சாஃப்ட்வேர் ரிப்பேர் ஆகல, செட் பண்ணி வெச்சபடியேதான் வேலை செஞ்சுது. அவ்ளோ தூரம் தள்ளி மாத்தினா மேல ஓடுற அப்ளிகேஷன் தாங்காதுங்கிறதுதான் அதுக்குத் தெரியாது.

எனக்கு இதவிட பெரிய பயம் ஒண்ணு இருக்கு. 2001ல ஐபிஎம் இந்த தானா சரி பண்ணிக்கிற சிஸ்டம்ங்கிற யோசனைய முன்வெச்சப்போ, நாம நினைக்காமலே மூச்சையும் இதயத்துடிப்பையும் பாத்துக்கிற நரம்பு மண்டலத்ததான் உதாரணமா காட்டுனாங்க. ஆனா உடம்புக்கு ஒண்ணுன்னா வலிக்கும்ல? சிஸ்டம் பல நேரம் வலிய மறைச்சிடுது, உள்ள மெமரி லீக் (ப்ரோக்ராம் எடுத்த மெமரிய திருப்பித் தராம தின்னுட்டே போறது) இருக்கும், அது பாட்டுக்கு ரீஸ்டார்ட் ஆகி ரீஸ்டார்ட் ஆகி டேஷ்போர்டுல பச்சையாவே காட்டிட்டு இருக்கும், மாசக்கணக்குல ஒருத்தருக்கும் தெரியாது.

அதனால மேனேஜர்கிட்ட இப்படி கேளுங்க. ராத்திரி அது தானா என்னென்ன பண்ணுச்சு, ஏன் பண்ணுச்சுனு காலைல ஒருத்தர் லாக் (சிஸ்டம் எழுதி வெக்கிற பதிவு) படிக்கணும். மெயின் டேட்டாபேஸ் பொறுப்ப வேற இடத்துக்கு மாத்துறதுக்கு முன்னாடி மனுஷன்கிட்ட கேக்கணும், அதுக்கு ராத்திரியும் ஒருத்தர் ஆன்-கால்ல (கூப்பிட்டா உடனே வர்ற மாதிரி) இருந்தே ஆகணும். அப்புறம் அப்பப்ப ஆட்டோமேட்டிக்க நிறுத்திட்டு நீங்களே கையால ஃபெயிலோவர் (ஒண்ணு விழுந்தா வேலைய இன்னொண்ணுக்கு மாத்துறது) பண்ணிப் பழகுங்க, ஏன்னா அது கைவிடுற அன்னிக்கு வர்ற பிரச்சனை கஷ்டமானதாதான் இருக்கும், அன்னிக்கு போய் மேனுவல தேடிட்டு உக்கார முடியாது.